பாவம், விட்டுருங்க

கழுத்திலும் மார்பிலும் தீக்காயம் பட்டவருக்குத் தலையணை வைக்கக் கூடாது. பிசியோதெரபி படிக்கும்போதே இதைச் சொல்லித் தந்துவிடுவார்கள். தலையணை வைத்தால் தலை முன்னால் சாயும், தாடை நெஞ்சைத் தொடப் பார்க்கும். புண் அந்த நிலையிலேயே ஆறும், ஆறிய தோல் அந்த நிலையிலேயே இறுகும். முகம் வீங்கியிருந்தால் கட்டிலின் தலைமாட்டை உயர்த்தலாம். தோளுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக் கழுத்தைப் பின்னால் சாயவிடலாம். தலையணை மட்டும் ஆகாது. காது வெந்திருந்தால் காதுக்கும் அது ஆகாது.

இருபத்து மூன்று வருடமாக எனக்கு இது தெரியும். வார்டு நர்சுகளுக்குத் தெரியும். ரவுண்ட்ஸ் வரும் டாக்டர்களுக்கும் தெரியும். ஆனாலும் எங்கள் தீக்காய வார்டில் தலையணை இல்லாத கட்டிலைப் பார்த்த நாட்கள் குறைவு. அது ஆஸ்பத்திரித் தலையணை அல்ல. வீட்டிலிருந்து வருவது. பூப்போட்ட உறை, உள்ளே இலவம்பஞ்சு. ராத்திரி முழுக்க முனகுகிற மகளுக்காக முதல் பஸ்ஸில் ஊருக்குப் போய் அம்மா எடுத்துவந்தது. அதை எடுக்கச் சொன்னால் அந்த அம்மா எங்களைக் கையெடுத்துக் கும்பிடுவார். "பாவம் மேடம், விட்டுருங்க. கொஞ்சம் கண்ணசரட்டும்."

விட்டுவிட்டோம்.

அப்படி விட்டதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். தென்மாவட்டங்களில் சில அரசு மருத்துவமனைகளில் மாறி மாறி வேலை பார்த்தவள் நான். 'நாங்கள்' என்று எழுதும்போது முதலில் பிசியோக்களைச் சொல்கிறேன். மற்றவர்களும் வரிசையாக வருவார்கள்.

ஒரு பெண்ணைச் சொல்ல வேண்டும். இருபத்தாறு வயது இருக்கும். அடுப்பில் சேலை பிடித்து, கழுத்து, மார்பு, வலது கை வெந்து வந்தவர். ஏழு வாரம் வார்டில் இருந்தார், தோல் ஒட்டு ஆபரேஷன் நடந்தது, பிழைத்தார். பிழைத்ததே பெரிது என்று எல்லோரும் சொன்னோம். வீட்டுக்கு அனுப்பினோம். பதினோரு மாதம் கழித்து எங்கள் ஓபி வாசலில் ஒருவர் தரையைப் பார்த்தபடி நின்றிருந்தார். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் கயிறு திரித்த மாதிரித் தழும்பு. கீழ் உதடு கீழே இழுபட்டு, பல் வெளியே தெரிந்தது. என்னைப் பார்க்க வேண்டுமென்றால் கண்ணை மட்டும் உயர்த்த வேண்டியிருந்தது. முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

தண்ணீர் கேட்டார். பானையில் மொண்டு ஒரு எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தேன். நம் ஊர்ப் பழக்கம், பொது டம்ளரில் வாய் வைக்க மாட்டார்கள், அண்ணாந்து ஊற்றிக்கொள்வார்கள். அவர் டம்ளரைத் தூக்கினார். தலை போகவில்லை. முழங்காலை மடக்கி, இடுப்பை வளைத்து, உடம்பு மொத்தத்தையும் பின்னால் சாய்த்துப் பார்த்தார். தண்ணீர் கன்னத்தில் வழிந்து ஜாக்கெட்டை நனைத்தது. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, டம்ளரில் வாய் வைத்துக் குடித்தார். குடித்துவிட்டு வாஷ் பேசினுக்குப் போய் அதை மூன்று முறை கழுவினார். கவிழ்த்து வைத்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேனா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் நினைவு வந்தது. ஜன்னலோரக் கட்டில். இரண்டு நாள் தலையணையை எடுத்தேன். மூன்றாம் நாள் அவர் அம்மா கும்பிட்டார். நான்காம் நாளிலிருந்து அந்தக் கட்டில் பக்கம் போகும்போது கைகால்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்துவிட்டு, கழுத்தைப் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

தழும்பு என்பது ஆறி முடிந்த இடம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது உயிருள்ளது. புண்ணை மூடுவதற்காக உடம்பே அங்கே ஒரு வகைச் செல்களை அனுப்புகிறது. ஓரங்களை உள்நோக்கி இழுப்பதுதான் அவற்றின் வேலை. மூடிய பிறகும் இழுப்பு நிற்காது. முதல் சில மாதங்கள் மும்முரமாக இழுக்கும். தழும்பு முதிர்ந்து, சிவப்பு வெளுத்து, மெத்தென்று ஆவதற்கு ஒரு வருடம், ஒன்றரை வருடம், சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகும். அதுவரை பகலில் நாம் நீட்டியதை ராத்திரி அது மடக்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் தூங்கும்போது மூட்டை நிலைமாறாமல் பிடிக்கும் ஸ்பிளின்ட். அதனால்தான் கையை உடம்போடு ஒட்டி வைக்காமல் பக்கவாட்டில் 90 டிகிரிக்கு விரித்து வைப்பது. அதனால்தான் முழங்கையை நீட்டி, பாதத்தைச் செங்குத்தாக நிறுத்தி, உள்ளங்கையை ஒரு தடித்த புத்தகத்தைப் பிடித்திருப்பதுபோல் வைப்பது. ஒன்றுகூட நோயாளிக்குச் சுகமாக இருக்காது. அவருக்குச் சுகமாக இருக்கிற நிலை எதுவோ அதில்தான் மூட்டு ஒட்டிக்கொள்ளும்.

இவ்வளவும் தெரிந்த நாங்கள் என்ன செய்தோம்?

முதலில் நேரத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்குப் பணம் வேண்டாம், ஆள் வேண்டாம், அரசாணை வேண்டாம். காலை எட்டு மணிக்கு டிரெஸ்ஸிங். அதற்கு முன் வலி ஊசி போடுவார்கள். கட்டைப் பிரித்து, கழுவி, மருந்து போட்டு, மறுபடி கட்டுவார்கள். அந்த நேரம்தான் எங்களுக்கு உரிய நேரம். கட்டு இல்லாததால் மூட்டு நன்றாக மடங்கும், எங்கே தோல் வெளுக்கிறது, எங்கே இழுக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம், வலி மருந்தும் உடம்பில் இருக்கும். நாங்கள் போனது பன்னிரண்டு மணிக்கு. எலும்பு முறிவு வார்டு, பக்கவாத வார்டு, ஓபி எல்லாம் முடித்துவிட்டு. அதற்குள் ஊசியின் வேகம் இறங்கியிருக்கும், மேலே தடித்த கட்டு இருக்கும். தொட்டால் அலறுவார்கள். அலறினால் நிறுத்திவிடுவோம். நோட்டில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதுவோம். எத்தனை பேரை அப்படி எழுதியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது. எட்டு மணிக்குப் போக முடியுமா என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. ஊசி போட்டதும் சொல்லி அனுப்புங்கள் என்று நர்சிடம் கேட்கவில்லை.

மொத்த ஆஸ்பத்திரிக்கும் இரண்டு பேர், மூன்று பேர் என்றுதான் பிசியோ இருந்தோம். அது நிஜம். அந்தப் பற்றாக்குறையை எங்கே கொண்டுபோய்க் கழித்தோம் என்பதும் நிஜம். தீக்காய வார்டு தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கும். கவுன், மாஸ்க், தொப்பி போட்டுக்கொண்டு உள்ளே போக வேண்டும். ஏசி ஓடாத நாளில் வாடை முகத்தில் அடிக்கும். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் இதை விட்டால் மற்றதெல்லாம் எழுதி என்ன. அந்த வாடைக்காகத்தான் அந்த வார்டைக் கடைசியாக வைத்துக்கொண்டோம். மதியச் சாப்பாட்டுக்கு முன் போகப் பிடிக்கவில்லை. சாப்பிட்ட பின்பும் பிடிக்கவில்லை.

தோல் ஒட்டு ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர், "கிராஃப்ட் எடுத்திருக்கு, அசைக்காதீங்க" என்பார். சரியான பேச்சு. ஒட்டிய தோல் பிடிக்க நான்கைந்து நாள் அந்த மூட்டை அசைக்காமல் வைக்க வேண்டும். அந்த மூட்டைத்தான், ஆளை அல்ல. கை கிராஃப்ட் என்றால் கால் நடக்கலாம், கழுத்து திரும்பலாம். நாங்கள் மொத்த ஆளையும் நிறுத்திவைத்தோம். ஐந்து நாள் முடிந்ததும் "இனி அசைக்கலாம்" என்று டாக்டர் எழுதவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஐந்து நாள் மூன்று வாரமானது. சர்ஜன் கிராஃப்ட் எத்தனை சதவீதம் பிடித்தது என்று பார்த்தார், நர்ஸ் புண் காய்ந்ததா என்று பார்த்தார், கட்டில் எப்போது காலியாகும் என்று ஆபீஸ் பார்த்தது. முழங்கை எத்தனை டிகிரி நீள்கிறது என்று பார்க்க வேண்டியது நான்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் கடைசி வரி எல்லோருக்கும் ஒன்றுதான்: 'பிசியோதெரபி அறிவுறுத்தப்பட்டது.' என்ன பயிற்சி, ஒரு நாளைக்கு எத்தனை முறை, எங்கே போய்ச் செய்வது, எந்த பஸ், யார் செலவு, எத்தனை மாதம் என்று ஒரு விவரமும் கிடையாது. வீட்டார் கேட்டால், "கொஞ்ச நாளைக்குத்தாம்மா" என்போம். ஒன்றரை வருடம் என்று சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று ஒரு சமாதானம். அவர்கள் கொஞ்ச நாள் செய்தார்கள். ஒரு மாதம். கொஞ்ச நாள் முடிந்துவிட்டது என்று நிறுத்திவிட்டார்கள். நாங்கள் சொன்னதைத்தானே கேட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. 'ஸ்டவ் வெடிச்சிருச்சு' என்று சொல்லி வரும் பெண்கள். மாஜிஸ்திரேட் வந்து வாக்குமூலம் வாங்கிப் போவார். அதற்குப் பிறகு வார்டுக்குள் ஒரு பேச்சு கிளம்பும், "தானா வச்சுக்கிட்டதாம்." அந்தப் பேச்சு வந்த கட்டிலுக்கு எங்கள் கால் இன்னும் மெதுவாகப் போகும். யாரும் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் தீபாவளி வெடியில் கை வெந்த பையனுக்கு அரை மணி நேரம் கொடுத்தவர்கள், அந்தப் பெண்ணுக்குப் பத்து நிமிடம் கொடுத்தோம். பார்க்க ஆள் வராத கட்டில் அது. கேள்வி கேட்க ஒருவரும் இல்லாத கட்டிலில்தான் எங்கள் பத்து நிமிடம் ஐந்து நிமிடமாகச் சுருங்கும். அவர் தனக்குத்தானே செய்துகொண்டாரா, இன்னொருவர் செய்தாரா என்பது போலீசின் வேலை. முழங்கை மடங்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. நான் போலீஸ் வேலையையும் சேர்த்துப் பார்த்தேன்.

இனி வீட்டார். ஊட்டிவிடுவதைச் சொல்கிறேன். கை வெந்தவருக்கு அம்மா சோற்றைப் பிசைந்து, உருட்டி, வாயில் வைப்பார். பார்க்கக் கண் நிறையும். ஒரு நாளைக்கு மூன்று வேளை சோற்றைப் பிசைந்து, அள்ளி, வாய்க்குக் கொண்டுபோனால் விரல், மணிக்கட்டு, முழங்கை எல்லாம் நூறு முறைக்கு மேல் வேலை செய்யும். எந்த மெஷினும் அந்த அளவுக்குச் செய்யாது. பருக்கை சிந்தும், வலிக்கும், ஒரு மணி நேரமாகும். அந்த ஒரு மணி நேரத்தைப் பார்க்க முடியாமல்தான் ஊட்டிவிட்டார்கள். தலை பின்னிவிட்டார்கள், ஜாக்கெட் ஊக்கு மாட்டிவிட்டார்கள், கொடியில் துணி போட வந்தால் பிடுங்கிக்கொண்டார்கள். கொடியில் துணி போடுவதுதான் அக்குளுக்கு நல்ல பயிற்சி. இதை நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் ஷோல்டர் வீல், தெராபேண்டு என்று ஆஸ்பத்திரிச் சாமான்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். சுவரில் விரலை மேலே ஏற்றி, ஏறிய இடத்தில் கரிக்கட்டியால் கோடு போட்டு, நாளை அந்தக் கோட்டைத் தாண்டச் சொல்வதற்கு என்ன சாமான் வேண்டும்?

அப்புறம் ஆட்டுக்கால் சூப். ஒரு நாளைக்கு நாலு முட்டை. டாக்டர்களும் புரதம் புரதம் என்று சொல்வார்கள், சரிதான். உடம்பில் பெரும்பகுதி வெந்துவிட்டால் உள்ளே எரிபொருள் செலவு ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடுகிறது. உடம்பு தன் தசையையே கரைத்துத் தின்கிறது. புண் ஆறிய பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் அது ஓயாது. நாங்கள் தீக்காயப் பயிற்சி என்றால் மூட்டை நீட்டுவது மட்டும்தான் என்று நினைத்திருந்தோம். தசையை யாரும் நினைக்கவில்லை. டெக்சாஸ் மாநிலத்தில் கால்வெஸ்டன் என்ற ஊரில் குழந்தைகளுக்கான தீக்காய மருத்துவமனை ஒன்று இருக்கிறது. அங்கே ஆஸ்கர் சுமன், டேவிட் ஹெர்ன்டன் குழுவினர் 2001-இலேயே எழுதிவிட்டார்கள். உடம்பில் 40 சதவீதத்துக்கு மேல் வெந்த பிள்ளைகளை 12 வாரம் எடை தூக்க வைத்தார்கள். தசையும் பலமும் கூடின. பயிற்சி செய்யாத பிள்ளைகளுக்கு அப்படிக் கூடவில்லை. அப்போது நான் கல்லூரியில் இருந்தேன். படித்தேனா என்றால், பரீட்சைக்கு வராததால் படிக்கவில்லை. வேலைக்கு வந்த பிறகும் "உடம்பு தேறட்டும், ரெஸ்ட் எடுக்கட்டும்" என்ற பேச்சுக்குத் தலையாட்டினேன். முட்டையும் சூப்பும் உள்ளே போயின, அதைத் தசையாக்குகிற வேலையை உடம்புக்கு நாங்கள் கொடுக்கவில்லை. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று வந்தவரிடம் ரத்தம் குறைவாக இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன்.

வெயிலைப் பற்றியும் ஒரு தவறு. ஒட்டுத்தோலில் வியர்வைச் சுரப்பி இருக்காது, அந்த இடம் வியர்க்காது. உடம்பில் பாதி ஒட்டுத்தோல் என்றால் சூடு வெளியேற வழி பாதிதான். இது தெரிந்தும், சித்திரை மாதத்தில் காலை பத்தரை மணி ஓபிக்கு நடந்து வரச் சொன்னோம். ஒருவர் படியிலேயே மயங்கி விழுந்தார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை, ஏன் வரவில்லை என்று நாங்கள் விசாரிக்கவும் இல்லை. பிரஷர் கார்மென்ட் என்று உடம்பை இறுக்கிப் பிடிக்கும் சட்டை உண்டு, தழும்பு தடிக்காமல் இருக்க நாளைக்கு 23 மணி நேரம் போட வேண்டும் என்பார்கள். அது குளிர்நாட்டுக் கணக்கு. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, கரண்ட் போன மதியத்தில், அரிப்போடு, அந்தச் சட்டைக்குள் ஒருவர் இருப்பதை எங்களில் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. கழற்றிவிட்டார்கள் என்று திட்டத் தெரிந்தது. விடிகாலையில் நட, ஈரத்துண்டை மேலே போட்டுக்கொள், இரண்டு செட் தைத்து மாற்றி மாற்றிப் போடு என்று சொல்லத் தெரியவில்லை.

பத்திரிகை படிக்கிற நாமும் இதில் உண்டு. 2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளித் தீ. இறந்தது 94 குழந்தைகள். அந்த எண் நம் எல்லோருக்கும் மனப்பாடம். வெந்து பிழைத்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டால் யாருக்கும் வாய் வராது. 2012 செப்டம்பர் 5, சிவகாசி பக்கம் முதலிப்பட்டி பட்டாசு ஆலை. இறந்தவர் ஏறத்தாழ 40 பேர். காயம்பட்டவர்கள் அதைவிட அதிகம் என்பதோடு செய்தி முடிந்தது. மத்திய சுகாதாரத் துறையின் கணக்குப்படி நாட்டில் வருடத்துக்கு 70 லட்சம் பேருக்குத் தீக்காயம், 1.4 லட்சம் பேர் சாகிறார்கள், 2.4 லட்சம் பேர் உடற்குறையோடு மிஞ்சுகிறார்கள். செத்தவர்களைவிட முடங்கியவர்கள் ஒரு லட்சம் அதிகம். அந்த 2.4 லட்சத்தில் எவ்வளவு நெருப்பு செய்தது, எவ்வளவு நெருப்புக்குப் பிறகு நாங்கள் செய்தது என்று பிரித்துச் சொல்கிற கணக்கு எங்கும் இல்லை.

பட்டாசு வேலை பார்த்த ஒருவரைச் சொல்லிவிடுகிறேன். பேப்பரில் வராத சின்ன விபத்து, மருந்து உராய்ந்து பற்றியது. இரண்டு அக்குளும் வெந்தன. எங்களிடம்தான் கிடந்தார். கையை உடம்போடு ஒட்டியே வைத்துக்கொள்வார், விரித்தால் அழுவார். பெரிய மீசை வைத்த ஆள் அழுவதைப் பார்க்க முடியவில்லை, "சரிண்ணே, நாளைக்குப் பார்க்கலாம்" என்று வந்துவிடுவேன். இரண்டு வருடம் கழித்து ஊனச் சான்றிதழ் வாங்க வந்தார். அமிலத் தாக்குதலுக்கு ஆளானவர்களை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பெயர் சொல்லியே சேர்த்துக்கொண்டது, அதன் 21 வகைகளில் அவர்களும் வருகிறார்கள். நல்ல விஷயம். மண்ணெண்ணெயில், வெடிமருந்தில் வெந்தவருக்கு அப்படித் தனிப்பெயர் இல்லை. மூட்டு எவ்வளவு முடங்கியிருக்கிறது என்று அளந்து, 40 சதவீதம் தேறினால்தான் உதவிகளுக்கு வழி.

அளப்பது நான்தான். கோனியாமீட்டர் என்று இரண்டு கை வைத்த ஸ்கேல், மூட்டில் வைத்துக் கோணம் பார்ப்பது. வலது தோள் 55 டிகிரி. இடது 60. தலைக்கு மேல் துண்டு கட்ட முடியாது, சட்டையை மனைவி மாட்டிவிட வேண்டும், பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடியாது. அளந்து எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் கேட்டார், "மேடம், கொஞ்சம் கம்மியா எழுதுனா நல்லதா, கூட எழுதுனா நல்லதா?" நான் தினமும் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று விட்டுவந்த கோணங்கள்தான் அந்தத் தாளில் இருந்தன. உள்ளதைத்தான்ணே எழுத முடியும் என்றேன். அவருக்கு என்மேல் கோபம் இல்லை. "நீங்கதான் ரொம்ப நல்லா பாத்துக்கிட்டீங்க, அழ விடமாட்டீங்க" என்று மனைவியிடம் வேறு சொன்னார்.

என் வேலைக்குக் கிடைத்த பாராட்டுகளில் அது ஒன்று.

இரண்டாம் உலகப் போரில் வெந்துபோன விமானிகளுக்கு இங்கிலாந்தில் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற சிற்றூரில் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ வைத்தியம் பார்த்தார். 1941-இல் அந்த நோயாளிகளே ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். சோதனை எலிகள் சங்கம் என்று பெயர், கினிப்பன்றி என்பதைத்தான் நம் வழக்கத்துக்கு எலி என்கிறேன். கால் வெந்தவரைப் பொருளாளராக வைத்தார்களாம், பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓட மாட்டார் என்று. கை வெந்தவரைச் செயலாளராக வைத்தார்களாம், கூட்டக் குறிப்பு நீளாது என்று. அவர்கள் முகத்தோடு கடைத்தெருவுக்குப் போனார்கள், சாராயக் கடைக்குப் போனார்கள். வெறித்துப் பார்க்காத ஊர் என்று அந்த ஊருக்கே பெயர் வந்தது. நம் ஊர் பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும், குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள். ஃபாலோஅப்புக்கு வராததற்குப் பஸ் கட்டணம் காரணம் என்று நாங்கள் அறிக்கை எழுதியிருக்கிறோம். கட்டணம் இல்லாத மகளிர் பஸ் வந்த பிறகும் அவர்கள் வரவில்லை.

2021 ஆகஸ்டில் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. வீட்டுக்கே போய் பிசியோதெரபி கொடுப்பதும் அதில் ஒரு பகுதி. பக்கவாதக்காரர்களுடைய வீட்டுக்கு வண்டி போகிறது, நானே பார்த்திருக்கிறேன். வார்டிலிருந்து போகிற தீக்காயக்காரர்களின் பெயரையும் ஊரையும் அந்தந்த வட்டாரத்துக்கு எழுதி அனுப்பினால் அங்கேயும் போகும். ஒரு தாள், ஒரு கையெழுத்து. எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து முதல் இரண்டு வருடத்தில் ஒரு பெயர்கூடப் போகவில்லை. அனுப்பக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அனுப்ப வேண்டியவர் யார் என்று யாருக்கும் தெரியவில்லை, நான்தான் என்று நானும் நினைக்கவில்லை. இப்போது அனுப்புகிறேன். சில வட்டாரங்களில் இருந்து பதில் வருகிறது.

டம்ளர் கழுவிய அந்தப் பெண்ணுக்கு, பிற்பாடு தழும்பை அறுத்து விடுவித்து, புதுத் தோல் வைத்தார்கள். முகம் நிமிர்ந்தது. முழுதாக இல்லை. அதற்கு ஒரு ஆபரேஷன், மயக்க மருந்து, தொடையில் இன்னொரு புண், மறுபடி அதே வார்டில் ஐந்து வாரம். அந்த ஐந்து வாரமும் நான் எட்டு மணிக்குப் போனேன். அவர் என்னிடம் முதல் தடவை என்ன நடந்தது என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் என்ன சொல்வது என்று தினமும் ஒரு பதிலை யோசித்துக்கொண்டுதான் போனேன்.

போன மாதம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வந்திருக்கிறது. கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து கழுத்தும் தோளும் வெந்துவிட்டன. ஊசி போட்டதும் ஸ்டாஃப் நர்ஸ் எனக்கு போன் அடிக்க வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். வாரத்தில் மூன்று நாள் அடிக்கிறார், மற்ற நாள் மறந்துவிடுகிறார், நானும் சில நாள் எடுக்க முடியாத இடத்தில் இருக்கிறேன். ஒரு நாள் அப்படி அடித்தார். போனேன். கட்டிலில் பூப்போட்ட தலையணை இருந்தது. அம்மா எழுந்து நின்றார், கை கூப்பப் போனது. "பாவம் மேடம், ராத்திரி பூரா தூங்கல..."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அந்த வார்டில் நான் உட்கார்ந்து பேசியது அபூர்வம். தலையணை வைத்தால் என்ன ஆகும் என்று சொன்னேன், என் தாடையை நெஞ்சில் வைத்து, அப்படியே தண்ணீர் குடிப்பது எப்படி என்று காட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் கேட்டார்: "எத்தன நாளைக்கு மேடம் இப்பிடி?"

கொஞ்ச நாளைக்குத்தாம்மா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"ஒரு வருஷம். கூடவும் ஆகலாம். வளர்ற பிள்ள, உடம்பு வளரும், தழும்பு கூட வளராது. அதுக்கப்புறமும் பாத்துக்கிட்டே இருக்கணும்."

அவர் விரலை மடக்கி மாதங்களை எண்ணினார். எதுவரை எண்ணினார் என்று தெரியவில்லை. பிறகு ஒரு கையால் மகள் தலையைத் தாங்கிக்கொண்டு, மற்றக் கையால் தலையணையை உருவினார். பிள்ளை முனகியது. அவர் தலையணையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, நான் சுருட்டி வைத்திருந்த துண்டைப் பார்த்தார்.

"தோளுக்குக் கீழயா மேடம்?"